ஞாயிற்றுக்கிழமை முகம்

"கருப்பு என்ன நிறம்?"

முதல் நாள் வகுப்பில் ஜெசிந்தா மேடம் இப்படிக் கேட்டபோது பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கருப்பு என்ன நிறமாக இருக்கும்? கருப்பாகத்தான் இருக்கும். அதைத்தான் இசக்கிப்ரியாவும் சொன்னாள்.

"அதான் இல்ல. வெயில்ல எடுத்த கருப்புல நீலம் ஓடும். டியூப் லைட்டுக்குக் கீழ எடுத்த கருப்புல பச்சை ஓடும். ரெண்டு படத்தை ஒண்ணா ஒட்டும்போது முதல்ல ரெண்டு கருப்பையும் ஒண்ணாக்கு. மத்தது எல்லாம் தானா வழிக்கு வரும். பார்க்கிறவன் கண்ணு எங்க ஏமாறும், எங்க முழிச்சுக்கும்னு தெரிஞ்சுக்கணும். அவ்வளவுதான் கம்பாஸிட்டிங்."

தூத்துக்குடி துறைமுகச் சாலையில், உப்பளத்தை மூடிவிட்டுக் கட்டிய கண்ணாடிக் கட்டடம் அது. உள்ளே பல்லைக் கிட்டவைக்கும் ஏசி. படம் எடுப்பது, பாட்டுப் போடுவது, கூட்டத்தைப் பத்தாயிரம் பேராகக் காட்டுவது எல்லாவற்றையும் மெஷின் பார்த்துக்கொள்ள ஆரம்பித்து வருஷங்கள் ஆகிவிட்டன. பிறகு எதற்கு மனுஷி? மெஷின் செய்தது ரொம்பச் சுத்தமாக இருக்கிறதாம். அந்தச் சுத்தத்தைப் பார்த்தாலே பொய் என்று தெரிந்துவிடுகிறதாம். அதைக் கொஞ்சம் அழுக்காக்கி நம்பும்படி செய்யத்தான் ஆள் தேடினார்கள். பொய் பேசக் கற்றுக்கொண்ட மெஷினுக்கு நன்றாகப் பொய் பேசச் சொல்லிக்கொடுக்கும் உத்தியோகம்.

இசக்கி அங்கே போக அவள் மாமியார் பூரணம் தடை சொல்லவில்லை. "பொம்பளப் பிள்ளையதான் இருக்காவளாம். வீட்ல உக்காந்து மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கதுக்கு போயிட்டு வா" என்றாள். மூஞ்சி தூக்கியிருந்தது உண்மைதான். அதற்குக் காரணம் கடலுக்கு நடுவில் இருந்தது.

அவள் புருஷன் லிங்கதுரை வெல்டர். கன்னியாகுமரிக்குத் தெற்கே, கரையே கண்ணில் படாத தூரத்தில் மிதக்கும் தளம் ஒன்றில் வேலை. கடலடியில் உருளைக்கிழங்கு போலக் கிடக்கும் உலோக உருண்டைகளைக் குழாய் விட்டு உறிஞ்சி எடுக்கிறார்கள். தொழில் ரகசியம் என்று தளத்தில் போனுக்குத் தடை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு வீட்டிலும் கம்பெனியே ஒரு திரை வைத்துக்கொடுத்தது. கதவு உயரத் திரை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் அதில் ஆள் வருவான். மூன்று வருஷ ஒப்பந்தம் இந்த ஐப்பசியோடு முடிகிறது. இன்னொரு மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறானா, ஊருக்கு வரப் போகிறானா என்பதுதான் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத பேச்சு.

பூரணத்துக்கு மகன் கையெழுத்துப் போட வேண்டும். மகள் கல்யாணம் அதை நம்பித்தான் இருந்தது. இசக்கிக்கு அவன் வர வேண்டும். கல்யாணம் ஆகி நாற்பத்தைந்து நாள்கூட அவனோடு இருந்ததில்லை. அவன் வாசனை எப்படி இருக்கும் என்பதே மறந்துபோனது. ஒரே ஒரு தடவை, மாமியார் எழுந்து போயிருந்த நேரம் பார்த்து, "போதும், வந்துருங்க" என்று சொல்லியிருக்கிறாள். அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டான். சிக்னல் சரியில்லை போலிருக்கிறது என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள். அதற்கு மேல் கெஞ்ச அவளுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. பொண்டாட்டி முகத்தைப் பார்த்துப் புருஷன் தானாக வர வேண்டாமா?

அதனால்தான் பொட்டை எடுத்தாள்.

மாமியார் முதலில் பேசி முடித்துவிட்டுப் பின்னால் கட்டிலில் போய் உட்கார்ந்துகொள்வாள். அங்கிருந்து பார்த்தால் இசக்கியின் பின்னந்தலைதான் தெரியும். இசக்கி நாற்காலியில் உட்கார்ந்த கையோடு நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை உரித்துத் திரையின் ஓரச் சட்டத்தில் ஒட்டிவைப்பாள். பேசி முடிந்ததும் எடுத்து மறுபடி வைத்துக்கொள்வாள். புருஷன் உயிரோடு இருக்கும்போது வெறும் நெற்றியோடு அவன் முன்னால் போய் உட்காருவது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவளுக்குத் தெரியும். இதைவிடப் பெரிதாகக் கூப்பிட அவளிடம் வேறு எதுவும் இல்லை.

அவன் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரமும் கேட்கவில்லை. மாதங்கள் போயின. "மழை உண்டா?" என்பான். "அம்மாவுக்கு மாத்திரை வாங்கிட்டியா?" என்பான். எதிரே வெறும் நெற்றி. அவன் கண்ணில் ஒரு சலனமும் கிடையாது. கல்லைக் கட்டிக்கொண்டோம் என்று இசக்கி முடிவு செய்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் குளிக்கும்போது அவனைத் திட்டிக்கொண்டே குளிப்பாள்.

வகுப்பில் மட்டும் அவள் சூரப்புலி. ஆள் அசைய அசைய அவனோடு கூடவே போகும்படி ஒரு புள்ளியைப் பிடித்துவைப்பது எப்படி என்று கற்றுக்கொண்டாள். அதற்கு டிராக் என்று பெயர். ஆளை ஓரம் பிசிறாமல் வெட்டி எடுக்கக் கற்றுக்கொண்டாள். ஆள் இல்லாத வெறும் இடத்தைத் தனியாக எடுத்துவைத்துக்கொண்டால், பிறகு அங்கே யாரை வேண்டுமானாலும் வைக்கலாம், யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றும் தெரிந்துகொண்டாள். அந்த வெறும் இடத்தைக் கிளீன் பிளேட் என்றார்கள்.

பாடம் முடிந்ததும் வேலை கொடுத்தார்கள். எல்லாமே பொட்டு வைக்கிற வேலை.

"சீரியல். நடிகைங்க பொட்டு வைக்க மறந்துட்டு ஷூட்டிங்ல நிக்கிறாங்க. முந்தின சீன்ல இருக்கு, அடுத்த சீன்ல இல்ல. நாம வச்சுவிடணும்" என்றாள் மேடம்.

திரையில் புருவத்திலிருந்து தலைமுடி வரைக்கும் மட்டும்தான் தெரியும். கதை ரகசியமாம், முகத்தைக் காட்ட மாட்டார்களாம். ஒரு நெற்றி போனால் இன்னொரு நெற்றி. இத்தனை நடிகைகளா, இத்தனை மறதியா என்று இசக்கி சிரித்தாள். சிரித்துக்கொண்டே வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தாள். மெஷின் வைத்த பொட்டு சட்டைப் பொத்தான் தைத்த மாதிரி இருந்தது. அவள் அதை எடுத்துவிட்டுக் குங்குமம் வைத்தாள். புருவம் சுருங்கினால் குங்குமமும் சுருங்கும்படி செய்தாள். வேர்வை படும் இடத்தில் ஓரத்தைக் கொஞ்சம் கரைத்தாள். கடைசியில் மூக்குத் தண்டில் இரண்டு துகள் சிந்தவிட்டாள்.

ஜெசிந்தா மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். "அந்த ரெண்டு துகள் இருக்கே, அதுக்குத்தான் காசு. இதை எவனும் பொய்னு சொல்ல மாட்டான்." பொட்டு வைக்கிற அந்த அமைப்பை அப்படியே மேலிடத்துக்கு அனுப்பினாள். இசக்கிக்கு வீட்டுக்குப் போகும்வரை கால் தரையில் பாவவில்லை.

அடுத்த ஞாயிறு. மாமியார் பேசிவிட்டுக் கட்டிலுக்குப் போனாள். இசக்கி உட்கார்ந்தாள், பொட்டை உரித்துச் சட்டத்தில் ஒட்டினாள், நிமிர்ந்தாள். லிங்கதுரை முகம் மலர்ந்தது.

"என்ன இன்னைக்கு குங்குமம் வச்சிருக்க? நல்லா இருக்கு."

இசக்கி சட்டத்தைப் பார்த்தாள்; பொட்டு அங்கேதான் ஒட்டியிருந்தது.

"மூக்குல லேசா சிந்தியிருக்கு பாரு" என்றான் அவன், கொஞ்சலாக.

அவள் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். வேர்வைதான் இருந்தது. அவள் கல்யாணத்தன்றைக்குப் பிறகு குங்குமமே வைத்ததில்லை. அன்று மிச்சமிருந்த நேரம் என்ன பேசினாள் என்று அவளுக்கே தெரியாது.

திங்கட்கிழமை முதல் ஆளாகப் போய் மேடம் மேஜை முன்னால் நின்றாள். "நான் வச்ச பொட்டு என் நெத்தியில எப்படி மேடம் வந்துச்சு?"

ஜெசிந்தாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"உன் வீட்டுக்காரரு தளத்துலயா இருக்காரு? சேரும்போது சொல்லலியே."

"நீங்க கேக்கலியே. சீரியல்னுதான சொன்னிய?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? தளத்துல இருக்கிறவன் பொண்டாட்டிக்குப் பொட்டு வைக்கிறோம்னா?" மேடம் குரல் இறங்கியது. "நீ செஞ்சது நல்லா இருக்குன்னு எல்லா வீட்டுக்கும் போட்டுட்டாங்க. நெத்தி நம்ம ரூம். பக்கத்து ரூம்ல கண்ணீர் துடைக்கிறாங்க. மேல மாடியில கருவளையம், ஒடுங்கின கன்னம். போன ஞாயிறு ரெக்கார்டிங்கை வச்சு வாரம் பூரா சரி பண்ணி வைக்கிறோம். ஞாயித்துக்கிழமை மெஷின் அதை அப்படியே ஓட்டுது."

"திரை மாட்ட வந்தவன் எங்களை எல்லாம் வெளிய நிக்கச் சொல்லிட்டுக் கூடத்தைப் படம் எடுத்தான். சிக்னல் பாக்குதேன்னான்."

"கிளீன் பிளேட்" என்றாள் மேடம். பாடம் நடத்திய அதே குரலில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இது பாவம் இல்லியா மேடம்?"

"சென்னையில நான் சினிமாவுக்கு ஹீரோ தலைமுடியை ஒவ்வொண்ணா வெட்டிட்டிருந்தேன் இசக்கி. மெஷின் வந்துச்சு, ஒரே நாள்ல வீட்டுக்கு அனுப்பினாங்க. இன்னைக்குக் கையால செய்யுற பொய் இது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. எனக்கு ஷாட் வருது, செய்றேன். அந்தப் பக்கம் யாரு என்ன கேட்டாங்கன்னு எனக்குச் சொல்றதில்ல, நானும் கேக்கிறதில்ல."

இசக்கி கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதாள். அழுகையில் பாதி சந்தோஷம். அவன் பார்க்கவே இல்லை! வெறும் நெற்றி அவன் கண்ணுக்குப் போய்ச் சேரவே இல்லை. அவன் கல் இல்லை. மாசக்கணக்காக ஒரு நல்ல மனுஷனை அநியாயமாகத் திட்டித் தீர்த்திருக்கிறோமே என்று அவளுக்குக் குற்ற உணர்ச்சிகூட வந்தது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டான் என்றால் அடுத்த படகிலேயே கிளம்பிவிடுவான்.

அமைப்பு அவள் செய்தது. அதில் எங்கே கை வைத்தால் என்ன ஆகும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? பொட்டு எவ்வளவு அழுத்தமாகக் கலக்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவு இருந்தது. சனிக்கிழமை மற்றவர்கள் டீ குடிக்கப் போனபோது அதைச் சுழியமாக்கி அனுப்பிவிட்டாள். அவள் வீட்டுக்கு மட்டும் தனியாகச் செய்ய அவளுக்கு அனுமதி இல்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே அமைப்புதான். நல்லதுதான் என்று நினைத்தாள். அத்தனை பேர் நெற்றியும் அப்படியே போகட்டும், பார்க்க வேண்டியவன் பார்த்துக்கொள்ளட்டும்.

ஞாயிறன்று நன்றாகத் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டாள். மாமியார் மகனிடம் மாப்பிள்ளை வீட்டார் வந்து போனதைப் பற்றி நீட்டி முழக்கிவிட்டுக் கட்டிலுக்குப் போனாள். இசக்கி உட்கார்ந்தாள். பொட்டை உரித்தாள். திரையை நேராகப் பார்த்தாள்.

லிங்கதுரை சிரிக்க ஆரம்பித்த வாய் அப்படியே நின்றது. அவள் நெற்றியைப் பார்த்தான். உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

பார்த்துவிட்டான். இசக்கி திரையை நோக்கிச் சாய்ந்தாள். "தெரியுதாங்க?" என்றாள்.

"ம்."

"இன்னைக்கு மட்டும் இல்ல. பங்குனியில இருந்தே இப்படித்தான் வந்து உக்காருதேன். உங்களுக்குத்தான் காட்டல. கம்பெனிக்காரன் மறைச்சுட்டான். பொட்டு வச்ச மாதிரி காட்டிட்டான். நான் வச்சதே இல்ல, சத்தியமா வச்சதே இல்ல."

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. பூரணம் எழுந்து வந்து மருமகள் முகத்தைப் பார்த்தாள். "ஏட்டி பாவி! என் மவன் குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கான், அவன் முன்னால இப்படி வந்து உக்காருதியே, நீ வெளங்குவியா?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"அம்மா, சும்மா இரு" என்றான் லிங்கதுரை. அவன் இன்னும் தலை நிமிரவில்லை. "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?" என்றாள் இசக்கி.

"பங்குனியில நீ முதல்ல பண்ணினது தெரியும். அன்னைக்கு அப்படியேதான் வந்துச்சு. ரெண்டு வாரம் பார்த்தேன். சோறு இறங்கல. வேலையில கவனம் இல்லாம குழாயை மாத்தி வெட்டிட்டேன், கீழ நின்னவன் பொழச்சதே பெரிசு. ஆபீசர் கூப்பிட்டாரு. முகத்தைச் சரி பண்ணிக் காட்டுவோம், இங்க நிறையப் பேர் கேட்டு வாங்கிருக்காங்க, உனக்கும் வேணுமான்னாரு. நான்தான் சரின்னேன்."

அவனே தொடர்ந்தான்.

"நீ நல்லா இருக்கிற மாதிரி பாத்தாத்தான் எனக்கு இங்க ஒரு வாரம் ஓடும். உனக்கு அது புரியாது."

"அப்போ நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சு."

"கேட்டுச்சு."

"கேட்டுட்டுத்தான் சாப்பிட்டியான்னு கேட்டிய?"

அவன் வேறு ஒன்று சொன்னான். "கையெழுத்துப் போட்டுட்டேன். புதன்கிழமையே. இன்னைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்." பிறகு, சின்னப் பிள்ளை கேட்பது போலக் கேட்டான்: "பொட்டை வச்சுக்கோயேன். இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு. நல்லபடியா ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போறேன்."

சண்டை போடுவாள் என்று பூரணம் எதிர்பார்த்தாள். இசக்கி சட்டத்தில் ஒட்டியிருந்த பொட்டை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். அவன் "சாப்பிட்டியா?" என்றான். "சாப்பிட்டேன்" என்றாள். கல்லாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. கல்லுக்குக் கண் கிடையாது, காது கிடையாது. இவனுக்கு இரண்டும் இருந்தன. இரண்டையும் கேட்டு வாங்கி மூடிக்கொண்டிருக்கிறான்.

மறுநாள் வேலை போய்விடும் என்று நினைத்துத்தான் போனாள். ஜெசிந்தா மேடம் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்க? அங்கிருந்து புகார் குவியுது. கம்பெனி இல்ல, ஆம்பளைங்க. ஏன் இன்னைக்கு முகம் சரியா வரலன்னு வரிசையில நின்னு கேட்டிருக்காங்க. மேலிடத்துல மெஷின் கோளாறுன்னு சொல்லிச் சமாளிச்சேன். ஒழுங்கா உக்காந்து அதைத் திருப்பிப் போடு."

"எல்லாருமா மேடம் கேட்டாவ?"

மேடம் தயங்கினாள். "ஒருத்தன் மட்டும் கேக்கல. அன்னைக்கே சரக்குப் படகுல ஏறிட்டானாம்."

"யாரு?"

"ஷாட் நம்பர்தான் தெரியும். பேரு வராது."

யாரோ ஒரு புண்ணியவதி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள் இசக்கி. வயிறு எரியத்தான் செய்தது. உட்கார்ந்து பொட்டு அளவைப் பழையபடி முழுசாக ஏற்றினாள். பிறகு திரும்பி, "மேடம், நெத்தி மட்டும் செய்யுதோம். ஆளையே செய்யலாமா?" என்று கேட்டாள்.

"ஆளையேன்னா?"

"நாற்காலியில ஆளே இல்லாம."

ஜெசிந்தா அவளை நிதானமாகப் பார்த்தாள். என்ன கேட்கிறாள் என்று புரிய வெகுநேரம் ஆகவில்லை. "மூணு வருஷத்து ஞாயித்துக்கிழமை ரெக்கார்டிங் இருக்கு. குரல் இருக்கு. வெறும் கூடமும் இருக்கு. செய்யலாம். உன் வீட்டுக்கு மட்டும் தனியா நான் போட்டுவிடுறேன். பேச்சுத்தான் கஷ்டம். அவர் ஏதாவது புதுசா கேட்டா மாட்டிக்குவ."

"புதுசா எதுவும் கேக்க மாட்டாவ" என்றாள் இசக்கி.

தன் வேலையை முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் உட்கார்ந்து செய்தாள். எங்கே தலையை ஆட்டுவாள், எங்கே "ம்ம்" என்பாள், எப்போது முந்தானையைச் சரிசெய்வாள் எல்லாவற்றையும் எடுத்துச் சேர்த்தாள். கூடத்து வெளிச்சத்துக்கு ஏற்றபடி கருப்பை ஒன்றாக்கினாள். அவன் கேட்கும் கேள்விகளை எழுதிப் பார்த்தபோது இரண்டு கைகளின் விரல்களுக்குள் அடங்கின. மூன்று வருஷக் குடித்தனம் இவ்வளவுதானா என்று ஆத்திரம் வந்தது. அப்புறம் அதுவே வேலையைச் சுலபமாக்கியது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிறு. பூரணம் மகனிடம் பேசிவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். இசக்கி அடுப்படியில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். மருமகள் வந்து உட்காருவாள் என்று கிழவி பார்த்துக்கொண்டே இருந்தாள். நாற்காலி காலியாகவே இருந்தது.

திரையில் லிங்கதுரை அதைப் பார்த்துச் சிரித்தான். "சாப்பிட்டியா?" என்றான். கொஞ்சம் பொறுத்துத் தலையாட்டினான். "மழை உண்டா?" என்றான். எதையோ கேட்டுக்கொண்டான். அப்புறம் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, "இப்படிப் பேசி எவ்வளவு நாளாச்சு, இப்பத்தான் எனக்கு நிம்மதியா இருக்கு இசக்கி" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

பூரணம் பயந்துபோய் எழுந்து அடுப்படி வாசலுக்கு வந்தாள். "ஏட்டி, அங்க யாருமே இல்லியே. அவன் யாருகிட்டடி பேசுதான்?"

"எங்கிட்டதான் அத்தை" என்றாள் இசக்கி. மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கச் செதிலை உரசத் தொடங்கினாள்.